இல்லாத கட்டடங்கள் எழுதும் விதிகள்

மூன்று தளங்கள். நீளம் ஏறத்தாழ 50 மீட்டர், அகலம் 33. நான்கு பக்கச் சுவர்களிலும் பட்டையாக ஓடும் கண்ணாடி. சுவர்ப்பரப்பில் மூன்றில் ஒரு பங்கு அது. மொத்தத் தளப்பரப்பு 4,982 சதுர மீட்டர். காலை எட்டு மணிக்கு இருக்கைகளில் 95 சதவீதம் நிரம்பிவிடும். பன்னிரண்டு மணிக்குச் சாப்பாட்டு வேளை, ஆள் பாதியாகும். ஒரு மணிக்கு மறுபடி 95. மாலை ஐந்துக்கு மேல் மளமளவென்று காலியாகும். வாரநாள் எல்லாமே இப்படித்தான், ஆண்டு முழுக்க.

இந்த அலுவலகத்துக்குள் யாரும் கால் வைத்ததில்லை. இது ஒரு கணினிக் கோப்பு. 'நடுத்தர அலுவலகம்' என்பதே இதன் பெயர். ஆனாலும் அமெரிக்காவில் புதிதாக எழும் வணிகக் கட்டடங்களின் சுவருக்கு எவ்வளவு வெப்பக்காப்பு வேண்டும், கூரை விளக்குகள் எத்தனை வாட்டைத் தாண்டக் கூடாது, ஏசி எந்த வெப்பநிலையில் வெளிக்காற்றை உள்ளே விட வேண்டும் என்பதையெல்லாம் முடிவு செய்யும் மேசையில் இதற்கு ஓர் இடம் உண்டு. இதைப் போல இன்னும் 15 கட்டடங்கள் இருக்கின்றன: சிறிய அலுவலகம், பெரிய அலுவலகம், தனிக்கடை, வரிசைக்கடை, தொடக்கப்பள்ளி, உயர்நிலைப்பள்ளி, புறநோயாளி மருத்துவமனை, பெரிய மருத்துவமனை, இரு அளவு ஹோட்டல்கள், கிடங்கு, இரு வகை உணவகங்கள், இரு உயரத்தில் அடுக்குமாடிக் குடியிருப்புகள். இவற்றை 'முன்மாதிரிக் கட்டடங்கள்' என்கிறார்கள்.

நிஜக் கட்டடங்கள் லட்சக்கணக்கில் இருக்கும்போது கற்பனைக் கட்டடத்தை வைத்து விதி எழுதுவானேன்? கேள்வி நியாயமானது. பதிலுக்கு ஒரு விளக்கை எடுத்துக்கொள்வோம்.

அமெரிக்காவின் வணிகக் கட்டட எரிசக்தித் தரத்துக்கு ஆஷ்ரே 90.1 என்று பெயர். 2004 பதிப்பின்படி அலுவலகத்தின் விளக்கு மின்திறன், கட்டடம் முழுமைக்குமான கணக்கில், சதுர அடிக்கு 1 வாட்டுக்கு மேல் போகக் கூடாது. 2019 பதிப்பில் அது 0.64 வாட். எல்இடி வந்ததால் இது முடிந்தது. நம் நடுத்தர அலுவலகத்துக்கு இதைப் பொருத்தினால் விளக்குச் சுமை சுமார் 19 கிலோவாட் குறைகிறது. எல்லா விளக்கும் ஆண்டுக்கு 3,000 மணி நேரம் எரிவதாக வைத்துக்கொண்டால் மிச்சம் 58,000 யூனிட். இதுவரை காகிதத்தில் போட்டுவிடலாம்.

சிக்கல் இதற்கப்புறம். விளக்கு தின்னும் மின்சாரம் முழுவதும் கடைசியில் அறைக்குள் வெப்பமாகத்தான் முடிகிறது. அந்த வெப்பத்தை வெளியேற்ற ஏசி ஓட வேண்டும். மூன்று யூனிட் வெப்பத்தை வெளியே தள்ள ஏசிக்கு ஒரு யூனிட் மின்சாரம் தேவை என்று கொண்டால், ஆண்டு முழுவதும் குளிரூட்டும் ஊரில் மேலும் 19,000 யூனிட் வரை மிச்சமாகும். இதே கட்டடத்தை அலாஸ்காவின் ஃபேர்பாங்க்ஸில் வைத்தால் கதை வேறு. அங்கே விளக்கின் வெப்பம் குளிர்காலத்தில் கட்டடத்துக்கு உதவிக்கொண்டிருந்தது. அது குறைந்தால் ஹீட்டர் கூடுதலாக எரிய வேண்டும். அதற்காக அந்த ஊரில் விதியை விட்டுவிடலாமா என்றால், அதுவும் இல்லை. கட்டடத்தின் நடுப்பகுதிக்கு வெளிச்சுவரே கிடையாது. ஆள், கணினி, விளக்கு எல்லாம் சேர்ந்து அதைச் சூடாக்கிக்கொண்டே இருப்பதால், வெளியே பனி கொட்டும்போதும் அங்கே குளிரூட்டல் தேவைப்படலாம். அதே நிமிடத்தில் வடக்குச் சுவரோரம் உட்கார்ந்திருப்பவருக்கு ஹீட்டர் வேண்டும்.

இந்த இழுபறியை ஆண்டின் 8,760 மணிக்கும் போட்டுப் பார்க்காமல் விடை வராது. முன்மாதிரியில் ஒவ்வொரு தளத்தையும் ஐந்தாகப் பிரித்திருப்பது அதற்காகத்தான்: நான்கு சுவர்களையும் ஒட்டி 4.57 மீட்டர் ஆழத்தில் நான்கு பகுதிகள், நடுவில் ஒன்று. மூன்று தளத்துக்கும் சேர்த்துப் பதினைந்து. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வெப்பக் கணக்கு.

கணக்கைப் போடும் மென்பொருள் எனர்ஜிபிளஸ். அமெரிக்க ராணுவத்தின் ஆதரவில் வளர்ந்த பிளாஸ்ட், எரிசக்தித் துறையின் ஆதரவில் வளர்ந்த டிஓஇ-2 என்ற இரண்டு பழைய நிரல்களின் வாரிசு அது, 2001-இல் வெளியானது. கட்டடத்தை விவரிக்கும் கோப்பு சாதாரண எழுத்துக்கோப்புதான். திறந்தால் சுவரின் அடுக்குகள், கண்ணாடியின் வெப்பக்கடத்தல், விசிறியின் செயல்திறன், ஞாயிற்றுக்கிழமை எத்தனை விளக்கு எரியும் என்பதுவரை வரிவரியாகக் கிடக்கும். பொறுமை இருந்தால் யாரும் படிக்கலாம். இந்தத் திறந்த தன்மைக்கு நான் கொடுக்கும் மதிப்பு பெரிது. ஏன் என்பதைக் கொஞ்சம் வரலாற்றோடு சொல்ல வேண்டும்.

1973 எண்ணெய்த் தடைக்குப் பிறகுதான் அமெரிக்கா கட்டடங்களை எரிசக்திக் கண்ணோடு பார்க்கத் தொடங்கியது. குளிரூட்டல், வெப்பமூட்டல் பொறியாளர்களின் சங்கமான ஆஷ்ரே 1975-இல் தன் முதல் தரத்தை வெளியிட்டது. 90-75 என்று அதற்குப் பெயர். அனுபவமுள்ள பொறியாளர்கள் கூடிப் பேசி எட்டிய எல்லைகள் அதில் இருந்தன. அடுத்த முயற்சியை அரசே எடுத்தது. ஒவ்வொரு வகைக் கட்டடத்துக்கும் சதுர அடிக்கு இவ்வளவு எரிசக்தி என்று ஒரு வரம்பு. அதற்குள் எப்படிக் கட்டினாலும் சரி. அந்த வரம்பைக் கண்டுபிடிக்க, நூற்றுக்கும் மேற்பட்ட கட்டடங்களின் வடிவமைப்பை எரிசக்திச் சிக்கனத்தோடு மாற்றி வரையச் சொல்லி, கணினியில் போட்டுப் பார்த்தார்கள். 1979-இல் முன்மொழிவு வந்தது. எதிர்ப்பு பலமாக எழுந்தது. 1981-இல் அதைக் கட்டாயமாக்கும் எண்ணம் கைவிடப்பட்டது.

அந்தத் தோல்வியில் நான் காண்பது இதுதான்: கணினியில் கட்டடத்தை ஓட்டிப் பார்க்கும் சிமுலேஷனில் வந்த எண்ணை அப்படியே ஒரு நிஜக் கட்டடத்தின் தலையில் வரம்பாக வைத்தால் அது தாங்காது. கடைக்காரர் இரவு பத்து மணிவரை கடை திறந்து வைப்பார், பக்கத்துக் கடை ஆறுக்கே மூடிவிடும். இருவருக்கும் ஒரே எண்ணா என்ற கேள்விக்கு நல்ல பதில் கிடையாது. பின்னால் வந்தவர்கள் சிமுலேஷனை வேறு வேலைக்குப் பயன்படுத்தினார்கள். ஒரு கட்டடம் எவ்வளவு செலவழிக்கும் என்று ஆரூடம் சொல்வதை விட்டு, ஒரு விதி மாறினால் எவ்வளவு வித்தியாசம் வரும் என்று நிறுத்துப் பார்க்கும் தராசாக அது மாறியது. இரண்டு தட்டிலும் ஒரே கட்டடம், ஒரே ஊர், ஒரே ஆட்கள், ஒரே வானிலை. மாறுவது விதி மட்டும். நிஜக் கட்டடங்களில் இப்படி ஒரு சோதனையை யாராலும் செய்ய முடியாது. ஒரே அலுவலகத்தை இரண்டு தடவை கட்டி, அதே ஆட்களை இரண்டிலும் உட்கார வைக்க முடியுமா?

தராசு சரியானதா என்று பார்க்க வேண்டுமல்லவா? முன்மாதிரிகளுக்கு மூலமாக இருந்தவை, அமெரிக்க எரிசக்தித் துறையின் மூன்று தேசிய ஆய்வகங்கள் சேர்ந்து உருவாக்கி 2011-இல் அறிக்கையாக வெளியிட்ட 'குறிப்புக் கட்டடங்கள்'. அவற்றுக்கான அளவுகள் பெரும்பாலும் 2003-இல் நடந்த வணிகக் கட்டட எரிசக்திக் கணக்கெடுப்பிலிருந்து வந்தன. அந்தக் கணக்கெடுப்பில் 5,200-க்கும் மேற்பட்ட நிஜக் கட்டடங்கள் இருந்தன. சராசரி அலுவலகத்துக்கு எத்தனை தளம், எவ்வளவு கண்ணாடி, எந்த வகை ஏசி என்று அதிலிருந்து எடுத்தார்கள். கணக்கெடுப்பு சொல்லாத இடங்கள் ஏராளம். எத்தனை மணிக்கு எத்தனை பேர் உட்கார்ந்திருப்பார்கள், அறைகள் எப்படிப் பிரிந்திருக்கும் என்பதற்கெல்லாம் பொறியாளர்களின் அனுபவத்தை நம்பினார்கள். அந்த மூலக் கட்டடங்களைத் திருத்தி, 90.1-இன் ஒவ்வொரு பதிப்புக்கும் ஏற்ப மாற்றி, பராமரித்து வருவது வாஷிங்டன் மாநிலத்தின் ரிச்லாண்டில் உள்ள பசிபிக் நார்த்வெஸ்ட் தேசிய ஆய்வகம்.

அடுத்தது ஊர்கள். தட்பவெப்பத்தை, தகிக்கும் ஊர் முதல் துருவத்தை ஒட்டிய ஊர் வரை, ஈரமானது, வறண்டது, கடலோரம் எனப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரதிநிதி ஊரைத் தேர்ந்தெடுத்தார்கள். டாம்பா, டூசான், அட்லாண்டா, சியாட்டில், டென்வர், ஃபேர்பாங்க்ஸ் என்று பட்டியல் போகும். அமெரிக்காவில் இல்லாத தட்பவெப்பங்களுக்கு வெளிநாட்டு ஊர்களும் உண்டு. புது டெல்லி அவற்றில் ஒன்று. 16 கட்டடம், 19 தட்பவெப்பம்: ஒரு பதிப்புக்கு 304 கட்டடங்கள்.

304 விடைகளையும் கூட்டிப் பத்தொன்பதாலும் பதினாறாலும் வகுத்தால் அபத்தமாகும். துரித உணவகம் சிறியது, ஆனால் அடுப்பும் புகைபோக்கியும் குளிர்பெட்டியும் இருப்பதால் சதுர அடிக்கு மிக அதிகமாக எரிசக்தி தின்னும். கிடங்கு பெரியது, சதுர அடிக்கு மிகக் குறைவாகத் தின்னும். எந்த வகைக் கட்டடம், எந்தத் தட்பவெப்பத்தில், எவ்வளவு சதுர அடி புதிதாகக் கட்டப்படுகிறது என்ற கட்டுமானத் தரவை வைத்து ஒவ்வொன்றுக்கும் எடை கொடுக்கிறார்கள். தேசிய அளவில் வரும் ஒற்றைச் சதவீதத்தை உண்மையில் தீர்மானிப்பது இந்த எடைதான். சிமுலேஷனைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், எடையைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. என் கணிப்பில் ஒரு பிழை புகுந்து யார் கண்ணிலும் படாமல் தங்கிவிட ஏற்ற இடம் அதுதான்.

இப்போது குழு மேசைக்கு வருவோம். 90.1-ஐ எழுதும் குழுவில் கட்டடக் கலைஞர்கள், கருவி உற்பத்தியாளர்கள், கண்ணாடித் தொழில்துறையினர், மின், எரிவாயு நிறுவனங்களின் ஆட்கள், எரிசக்திச் சிக்கனத்துக்காகக் குரல் கொடுப்பவர்கள் எல்லோரும் உட்காருவார்கள். ஒரு விதி இறுகினால் ஒருவருக்கு விற்பனை கூடும், இன்னொருவருக்குக் குறையும். "என் அனுபவத்தில் இது வேலைக்காகாது" என்று ஒருவர் சொன்னால், "என் அனுபவத்தில் ஆகும்" என்று மற்றவர் சொல்வார். இருவருக்கும் பொதுவான ஒரு கட்டடம் நடுவில் இருந்தால் வாதம் இடம் மாறுகிறது. "உன் கோப்பில் விசிறியின் செயல்திறனைக் கூட்டி வைத்திருக்கிறாய், 47-ஆவது வரியைப் பார்" என்று பேசலாம். அதைத் திருத்தி மறுபடி ஓட்டிப் பார்க்கலாம். கோப்பு பொதுவில் இருப்பதன் மதிப்பு இதில்தான் இருக்கிறது.

வெளிக்காற்றுக் குளிர்ச்சி நல்ல உதாரணம். வெளியே காற்று குளிர்ச்சியாக இருக்கும்போது கம்ப்ரஸரை நிறுத்திவிட்டு அந்தக் காற்றையே உள்ளே விடும் ஏற்பாடு இது, எகானமைசர் என்பார்கள். சியாட்டிலில் ஆண்டின் பெரும்பகுதி இலவசக் குளிர்ச்சி. மயாமி போன்ற வெப்பமும் ஈரமும் மிகுந்த இடத்தில் வெளிக்காற்றோடு ஈரமும் உள்ளே வந்துவிடும். அதைப் பிழிந்தெடுக்கவே மின்சாரம் போய்விடும். இடைப்பட்ட ஊர்களில் எங்கே கோடு போடுவது? 90.1-இன் பழைய பதிப்புகளில் கிழக்குப் பகுதியின் ஈரப்பதமான பல மண்டலங்களுக்கு விலக்கு இருந்தது. 2010 பதிப்பில் அந்த விலக்கு சுருங்கி, மிக வெப்பமான மண்டலத்துக்கே மிஞ்சியது. மணிக்கு மணி ஈரத்தையும் வெப்பத்தையும் சேர்த்து எடைபோடும் கணக்கு இல்லாமல் இத்தகைய கோட்டை நியாயமாக நகர்த்த முடியாது.

எரிசக்தி மிச்சமானால் மட்டும் போதாது, கட்டுபடியாக வேண்டும். அங்கே சிமுலேஷனின் வேகம் உதவாது. கணினியில் கண்ணாடியை மாற்ற ஒரு வரி போதும். அந்தக் கண்ணாடியின் விலை, பொருத்தும் கூலி, எத்தனை ஆண்டு தாங்கும் என்பதை ஆள் உட்கார்ந்துதான் சேகரிக்க வேண்டும். ஆகவே தேசிய அளவிலான செலவுக் கணக்குக்கு 6 கட்டடம், 5 தட்பவெப்பம் என்று முப்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

இதெல்லாம் சட்டத்தைத் தொடும் இடம் ஒன்று உண்டு. 1992-ஆம் ஆண்டின் எரிசக்திக் கொள்கைச் சட்டப்படி, 90.1-இன் புதிய பதிப்பு வந்த ஓராண்டுக்குள், அது பழையதைவிட எரிசக்தியை மிச்சப்படுத்துமா என்று எரிசக்தித் துறை தீர்ப்புச் சொல்ல வேண்டும். ஆம் என்றால், மாநிலங்கள் தங்கள் கட்டட விதிகளைப் பரிசீலித்து இரண்டு ஆண்டுக்குள் சான்றளிக்க வேண்டும். அந்தத் தீர்ப்புக்கு அடிப்படை இந்த முன்மாதிரிகள்தான். 2016 பதிப்பைவிட 2019 பதிப்பு கட்டடத்தில் செலவாகும் எரிசக்தியில் 4.7 சதவீதம் மிச்சப்படுத்தும் என்று கணக்கு வந்தது. அடுத்து 2022 பதிப்புக்கு 9.8 சதவீதம். அந்தப் பதிப்பில்தான் முதன்முறையாக, கட்டட வளாகத்திலேயே புதுப்பிக்கத்தக்க மின்சாரம் தயாரிக்க வேண்டும் என்ற குறைந்தபட்ச விதியும் நுழைந்தது.

இந்தச் சதவீதங்களைப் படிக்கும்போது ஒரு கவனம் தேவை. எரிசக்தியை எங்கே அளக்கிறோம் என்பதைப் பொறுத்து எண் மாறும். கட்டடத்தின் மீட்டரில் அளந்தால் ஒரு விடை. அந்த மின்சாரத்தைத் தயாரிக்க மின்நிலையத்தில் எரித்த எரிபொருளையும் சேர்த்தால் இன்னொரு விடை. டாலரில் அளந்தால் மூன்றாவது. எரிவாயு ஹீட்டருக்கும் மின் ஹீட்டருக்கும் இடையிலான போட்டியில் எந்த அளவுகோல் என்பதே பாதி வெற்றி. எரிசக்தித் துறை எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெளியிடுகிறது. அது சரியான வழக்கம். ஒன்றை மட்டும் எடுத்துத் தலைப்பாக்குபவர்களிடம்தான் எனக்கு வருத்தம்.

இன்னொரு குழப்பமும் அடிக்கடி நேர்கிறது. தனியொரு கட்டடம் விதிக்கு உட்பட்டதா என்று காட்டவும் சிமுலேஷன் உண்டு, 90.1-இன் பின்னிணைப்பு ஜி அதற்கான முறை. அங்கே கட்டப்போகும் நிஜக் கட்டடத்தையும், அதே உருவத்தில் ஓர் அடிப்படை இரட்டையையும் ஓட்டி ஒப்பிடுவார்கள். 2016 பதிப்பிலிருந்து அந்த இரட்டை ஏறத்தாழ 2004 தரத்திலேயே நிலைநிறுத்தப்பட்டது. பதிப்புக்குப் பதிப்பு அதை மாற்றிக் கட்டும் வேலை மிச்சம். முன்மாதிரி விதியை எழுதுகிறது, இது விதியைச் சோதிக்கிறது. இரண்டையும் ஒன்றாக எண்ணி, "சிமுலேஷன் சொன்னதுபோல் என் கட்டடத்தில் பில் வரவில்லையே" என்று முன்மாதிரியைக் குறை சொல்வது பொருந்தாது.

ஆனால் அந்தக் குறையில் ஓர் உண்மையும் இருக்கிறது. 2008-இல் நியூ பில்டிங்ஸ் இன்ஸ்டிடியூட் என்ற ஆய்வு அமைப்பு, லீட் எனும் பசுமைக் கட்டடச் சான்று பெற்ற 121 கட்டடங்களின் நிஜப் பயன்பாட்டை, வடிவமைக்கும்போது கணித்த எண்ணோடு ஒப்பிட்டது. மொத்தத்தில் சராசரி ஓரளவு பொருந்தியது. தனித்தனியாகப் பார்த்தால் பாதிக்கும் மேற்பட்டவை 25 சதவீதத்துக்கும் மேல் விலகி நின்றன, மேலேயும் கீழேயும். கூட்டத்துக்குச் சரியாக இருப்பது ஒருவருக்குச் சரியாக இருக்க வேண்டியதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். விதி எழுதுபவருக்கு இதில் ஆறுதல், கட்டட உரிமையாளருக்கு இல்லை.

என் கவலை வேறிடத்தில். முன்மாதிரியில் எல்லாம் சொன்னபடி வேலை செய்கிறது. எகானமைசரின் காற்றுக்கதவு துருப்பிடித்து நிற்பதில்லை. சென்சாரின் மேல் யாரும் டேப் ஒட்டுவதில்லை. ஆளில்லாத அறையில் விளக்கை அணைக்கும் சென்சாரையே எடுத்துக்கொள்ளுங்கள்: மாதிரிக்குள் ஆள் உள்ளே வருவதும் போவதும் கிடையாது, ஆகவே விளக்கு எரியும் அட்டவணையில் சில சதவீதம் குறைத்துவிடுகிறார்கள். அவ்வளவுதான் அந்த சென்சார். அந்தச் சதவீதம் சரியென்றால் விதியும் சரி, தவறென்றால் விதியும் தவறு. 8,760 மணி நேரக் கணக்கின் துல்லியம் அதைக் காப்பாற்றாது. சுவர் இடுக்குகளில் கசியும் காற்றின் அளவும் இதே ரகம். தசம ஸ்தானம் கூடக்கூட நம்பிக்கையும் கூடிவிடும் பழக்கம் நம்மிடம் இருப்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

விதிக்கு வெளியே நிற்பவை இன்னொரு பக்கம். கணினி, பிரிண்டர், சமையலறைக் கருவிகள், சர்வர்கள் என்று பிளக்கில் மாட்டுவதெல்லாம் பெரும்பாலும் 90.1-இன் கைக்கு எட்டாதவை. இரண்டு தட்டிலும் அவை ஒரே எடையாக இருக்கும். விளக்கும் ஏசியும் ஒவ்வொரு பதிப்பிலும் மெலிய மெலிய, மிச்சமிருக்கும் மொத்தத்தில் இவற்றின் பங்கு வீங்கிக்கொண்டே போகிறது. அதனால் அடுத்த பதிப்பில் அதே சதவீதத்தை எட்ட, விளக்கையும் ஏசியையும் சுவரையும் முன்பைவிடப் பலமாகப் பிழிய வேண்டியிருக்கிறது.

கடைசியாக வானிலை. முன்மாதிரிகளுக்கு நீண்டகாலமாகப் பயன்பட்டு வந்தது டிஎம்ஒய்3 என்ற வானிலைக் கோப்பு. 'வழக்கமான ஆண்டு' என்று பெயர் இருந்தாலும் அது எந்த ஆண்டும் அல்ல. ஒவ்வொரு மாதத்துக்கும், பல ஆண்டுகளின் பதிவுகளைப் பார்த்து, மிக வழக்கமாக இருந்த ஒன்றை எடுத்து ஒட்டியது. ஜனவரி ஓர் ஆண்டிலிருந்து வரும், பிப்ரவரி இன்னொன்றிலிருந்து. பதிவுகள் 2005-ஓடு முடிகின்றன. வழக்கமானதைத் தேடி எடுப்பதால், தகித்த கோடையும் உறையவைத்த குளிர்காலமும் தேர்விலேயே கழிந்துவிடும். விதிகளை ஒப்பிட மட்டும் என்றால் இது பெரிய குறை அல்ல, இரண்டு தட்டிலும் அதே வானிலைதானே. ஆனால் குளிரூட்டலுக்கு உதவும் விதிக்கும் வெப்பமூட்டலுக்கு உதவும் விதிக்கும் இடையே தேர்ந்தெடுக்க வேண்டி வந்தால், எந்த வானிலை என்பது முள்ளையே நகர்த்திவிடும். இன்று எழும் கட்டடம் ஐம்பது ஆண்டாவது நிற்கும். டாம்பாவின் அந்த மூன்று தள அலுவலகத்தில் காலை எட்டு மணிக்கு 95 சதவீதம் பேர் வந்து உட்காரும்போது, கண்ணாடிக்கு வெளியே அடிக்கும் ஜூலை வெயில் இருபது ஆண்டுகளுக்கும் மேல் பழையது.